அம்மை வீட்டில் பொரித்த கருவாடு

கருவாடு பொரித்ததற்காக ஒரு தெருவே சேர்ந்து என்னை அடிக்க வந்தது. வாங்கின அடியில் பாதியையாவது நானும் திருப்பிக் கொடுத்தேன். இப்போதும் சொந்தத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "பாவம், பிள்ளைமேல உள்ள பாசத்துல புத்தி தடுமாறிச் செஞ்சிட்டா" என்று எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். அந்தப் பரிவு எனக்கு வேண்டாம். நான் தெளிந்த புத்தியோடுதான் பொரித்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகம் வந்து, தூத்துக்குடி தெருக்களில் லாரியும் புழுதியுமாக இருந்த நேரம். உப்பளத்தை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். என் கணவர் ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். நான் ஏரல் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள், வாய் நீளம் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே பெயர் வாங்கியவள். வீட்டில் எங்களோடு அவருடைய அக்கா இருந்தாள், எனக்கு மதினி. எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம்.

கோடை தொடங்கியதும் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலை தொங்கியது. மணல்வாரி அம்மை. சிவப்பு மணலை வாரி மேலே இறைத்த மாதிரி உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாகத் தடித்து வரும். எங்கள் பிள்ளைக்கும் வந்தது. ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்லுவோம், நோய் என்று சொல்ல மாட்டோம். ஆத்தா இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. மீன், கருவாடு வாசனையே ஆகாது. மருந்து கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. அம்மை இறங்கி, நாள் பார்த்து மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றுகிற வரைக்கும் பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது. இதில் ஒன்றையும் நான் மீறவில்லை. கருவாட்டுப் பெட்டியைப் பின்கட்டில் விறகுக்கு அடியில் கொண்டு போய் வைத்தவளே நான்தான். நானும் ஆத்தாளை நம்புகிறவள்தான்.

அம்மை நல்லபடியாக இறங்கியது. முதல் தண்ணீரை நான்தான் ஊற்றினேன், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பிள்ளை எழுந்து உட்கார்ந்து மோர்ச்சோறு கேட்டாள். தின்றாள். நாங்கள் மூன்று பேரும் வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு மறுபடியும் கொதித்தது. வெளிச்சம் பட்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அலறினாள். குடித்த தண்ணீர் அப்படியே வெளியே வந்தது. தலையைத் தூக்கி மடியில் வைக்கப் போனால் கழுத்து வளையவில்லை, கட்டை மாதிரி இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்லக் கூடாது, கண் என் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். நெற்றியில் கை வைத்தேன். கையைப் பிடித்துக் கடித்தாள். விளையாட்டுக் கடி இல்லை. தோல் கிழிந்து ரத்தம் ஒழுகிய பிறகும் விடவில்லை. மதினி வந்து தாடையைப் பிடித்துப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

அப்புறம் அவள் அடங்கவே இல்லை. காலால் உதைத்தாள், தன் தலைமுடியைத் தானே பிடுங்கினாள், சுவரில் நகத்தால் பறண்டினாள். எங்கள் யாருக்கும் புரியாத குரலில், அடித்தொண்டையிலிருந்து எதையோ கத்தினாள். நடுவில் உடம்பு வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுத்தது. மதினி அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஏளா, ஆத்தா இன்னும் இறங்கல. மொத தண்ணிய அவசரப்பட்டு ஊத்திட்ட. அவ கோவமா இருக்கா. இப்பம் பிள்ளை மேல நின்னு ஆடுதா, பாரு."

"மதினி, பிள்ளைக்கு என்னைத் தெரியல."

"ஆத்தாளுக்கு எதுக்குளா ஒன்னயத் தெரியணும்?"

அம்மை வீட்டுக்கு வெளியாள் வரக் கூடாது என்பதும் விதிதான். ஆத்தா பேசுகிறாள் என்று மதினி வாசலில் நின்று சொன்னதும் அந்த விதி எங்கே போனதோ தெரியவில்லை. வெயில் ஏறுவதற்குள் வீடு கொள்ளாத கூட்டம். தேங்காய், பூ, மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. பாயில் கிடந்து துடிக்கிற பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து குறி கேட்டார்கள். மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று ஒருத்தி கேட்டாள். கொழும்புக்குத் தோணியில் போன மகன் எப்போது திரும்புவான் என்று இன்னொருத்தி. பிள்ளை "தண்ணி" என்று முனகினால், கடல் வழியாக வருகிறான் என்று அர்த்தம் சொன்னார்கள். அந்தத் தண்ணீரை அவள் வாயில் ஊற்ற ஒருத்திக்கும் தோன்றவில்லை. நான் முட்டித் தள்ளிக்கொண்டு போய் ஊற்றினேன்.

உப்பளம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரும் வந்தார். பாத்தியில் உப்பு விளைந்து கிடக்கிறது, ஒரு கோடை மழை விழுந்தால் அத்தனையும் கரைந்துவிடும். "மழை வருமா தாயே?" என்று குனிந்து கேட்டார். பிள்ளையின் கை வெட்டி இழுத்ததில் பக்கத்திலிருந்த செம்பு பறந்து அவர் நெற்றியில் விழுந்தது. புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. அந்த மனிதர் துடைக்கக்கூட இல்லை. "ஆத்தா என்னயத் தொட்டுட்டா, ஆத்தா என்னயத் தொட்டுட்டா" என்று சிரித்துக்கொண்டு எல்லாரிடமும் காட்டினார். எனக்கு அந்தச் செம்பை எடுத்து இன்னொரு புருவத்தையும் பிளக்க வேண்டும் போலிருந்தது.

என் கணவர் பிள்ளையின் காலடியில் குப்புற விழுந்து கிடந்தார். அவள் உதைக்கிற உதை அவர் உச்சந்தலையில் விழுந்தது. ஒவ்வொரு உதைக்கும் "மன்னிச்சிரு தாயே" என்றார். அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் பின்கட்டுக்குக் கொண்டு போனேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். பிள்ளை செத்துரும்."

"மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாதுளா. தாண்டுனா ஆத்தா உசுரக் கொண்டு போயிருவா."

"இப்பவே போய்க்கிட்டுத்தான் இருக்கு."

அவர் அழுதார். மீசைக்குள் கண்ணீர் இறங்க, சின்னப் பையன் மாதிரி அழுதார். கெட்ட மனிதர் என்றால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். பிள்ளை மேல் என்னைவிட அவருக்கு உயிர். அந்தப் பயத்தில்தான் அவர் பிள்ளையைச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கூட்டத்துக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். மதினி வாசலை மறித்து நின்றாள். இடித்துக்கொண்டு போகப் பார்த்தேன். அவள் என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இரண்டு பெண்கள் பிள்ளையை என் கையிலிருந்து பறித்து மறுபடியும் பாயில் போட்டார்கள். ஒருத்தி என் முதுகில் குத்தினாள். ஆத்தா இருக்கிற வரைக்கும் இவர்கள் பிள்ளையை வெளியே விடப்போவதில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆத்தா போய்விட்டால் மறிக்க ஒருவருக்கும் காரணம் இருக்காது.

பின்கட்டுக்குப் போனேன். விறகைப் புரட்டிப் போட்டுக் கருவாட்டுப் பெட்டியை எடுத்தேன். சாளைக் கருவாடு, திறந்தாலே ஊர் திரும்பிப் பார்க்கும். அடுப்பில் ஓலையைத் திணித்து, இரும்புச் சட்டியை வைத்து, இருந்த எண்ணெயை எல்லாம் கவிழ்த்தேன். கடுகைப் போட்டேன். படபடவென்று வெடித்தது. உள்ளே பேச்சு நின்றது. வத்தல் மிளகாயைக் கை நிறைய அள்ளி எண்ணெயில் போட்டுக் கருக விட்டேன். அப்புறம் கருவாட்டைக் கொட்டினேன்.

கருகின வத்தல் புகை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அது வீட்டுக்குள் போனதும் குறி கேட்ட கூட்டம் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தது. "பாவி கருவாடு பொரிக்காளே! அம்மை வீட்டுல கருவாடு பொரிக்காளே!" என்று மதினி மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் கருவாட்டைப் புரட்டின சட்டுவத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"பொரிச்சாச்சு. இனி இங்கன ஆத்தா இல்ல. இந்த நாத்தத்துல அவ இருப்பாளா? சொல்லுங்க மதினி, இருப்பாளா? போயிட்டா. கெடக்கது எம் பிள்ளை."

என் கணவர் என்னை அடித்தார். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர் கையை வீசி அடித்த அடியில் நான் கதவு நிலையில் போய் மோதினேன். பல் உடைந்தது. ரத்தத்தையும் பல்லையும் சேர்த்துத் துப்பினேன். இருமிக்கொண்டே என் சேலையைப் பிடித்து இழுத்தவர்களைச் சூடான சட்டுவத்தால் அடித்தேன். யார் மேல் பட்டது, எங்கே பட்டது என்று பார்க்கவில்லை. மதினியின் தோளில் பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது, கடைசி வரை தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். மிளகாய்ப் புகையில் ஒருவருக்கும் கண் திறக்க முடியவில்லை. அடுப்படியிலேயே நின்றதால் என் கண் அந்தப் புகைக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. பாயோடு பிள்ளையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியைத் தாண்டினேன்.

தெருமுனையில் உப்பு மூட்டை ஏற்றின லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. குறுக்கே போய் நின்றேன். டிரைவர் என் வாயில் வழிகிற ரத்தத்தையும் கையிலிருந்த சட்டுவத்தையும் பார்த்தான்.

"எக்கா, யாரையாவது வெட்டிட்டு வாரியா?"

"ஆஸ்பத்திரில எறக்கு. இல்லன்னா ஒன்னயத்தான் வெட்டுவேன்."

பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னான். பிள்ளையை முதலில் மூட்டை மேல் போட்டுவிட்டு நானும் ஏறினேன். லாரி நகர்ந்தபோது என் கணவர் ஓடி வந்து பின்பலகையைப் பிடித்துத் தொற்றி ஏறினார். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோகத்தான் வந்தார். குலுங்குகிற மூட்டைகளுக்கு மேலே, சுடு வெயிலில், நாங்கள் இருவரும் பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அப்போது இழுப்பு வந்தது. முன்னே வந்ததெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. கண் செருகி வெள்ளை மட்டும் தெரிந்தது. பல் கிட்டத் தொடங்கியது, வாயோரம் நுரை. உதடு நீலமாகியது. நாக்கைக் கடித்துவிடுவாள் என்று என் விரலை உள்ளே கொடுத்தேன். அப்படிச் செய்யக் கூடாதாம், அது எனக்குத் தெரியாது. எலும்பு வரைக்கும் இறங்கியது பல். என் கணவர் கைகளைக் கூப்பி, "தாயே" என்று தொடங்கினார்.

இன்னொரு கையால் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

"கும்பிடாதீங்க. பிடிங்க."

அவர் கூப்பிய கையைப் பிரித்தார். பிள்ளையின் காலைப் பிடித்தார். அந்தச் சின்னக் கால்கள் அவர் கைக்குள் வெட்டி வெட்டி இழுத்ததை அவர் உணர்ந்திருக்க வேண்டும். கோயில் கொடை விழாவில் சாமியாடுகிறவர்களை அவர் பார்த்ததுண்டு, பிடித்ததுண்டு. இது அது இல்லை என்று அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. லாரியின் கூரையில் ஓங்கி ஓங்கித் தட்டி, "ஏலே, வேகமாப் போலே! எம் பிள்ளை சாவுதுலே!" என்று அலறினார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கின டாக்டர் முதலில் என்னைத் திட்டினார். மருந்து ஏற்றி இழுப்பை நிறுத்திய பிறகுதான் நின்று பேசினார். நாசரேத் ஊர்ப் பக்கத்துப் பேச்சு.

"அம்மை எறங்கிட்டு, அது சரிதான். அம்மையோட இவ்வளவு நாள் சண்ட போட்டுதுல்லா உடம்பு, அது சண்டய நிறுத்தல. எதிரி போன பொறவும் சொந்த வீட்டுக்குள்ள நின்னு கம்பு சுத்துது. மூளைல வீக்கம்."

"தண்ணிய முன்னாலயே ஊத்துனதாலயா?" என்றார் என் கணவர்.

"தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் வராது. சிலதுக்கு மட்டும் ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியாது."

பிழைப்பாளா என்று நான் கேட்டேன். பார்க்கலாம் என்றார். பிழைத்தாலும் பழைய பிள்ளையாக வருவாள் என்று கையடித்துச் சொல்ல முடியாது, பேச்சுப் போகலாம், காது போகலாம், ஆள் அடையாளம் தெரியாமலே போகலாம் என்றார். காதும் பேச்சும் போனால் போகட்டும் என்று நினைத்தேன். என்னை அவளுக்குத் தெரிய வேண்டும். பெற்றவளைத் தெரியாத கண்ணோடு ஒரு பிள்ளையை வளர்க்க என்னால் முடியாது. அதைத்தான் வேண்டிக்கொண்டேன், கருவாட்டு வாசனை போகாத கையோடு அந்த ஆத்தாளிடமே.

முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தலையும் முழங்காலும் சேருகிற மாதிரி வளைத்துப் பிடிக்க வேண்டும், அசையக் கூடாது. நர்ஸ் பிடித்தாள், பிள்ளை அவள் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போனாள். என் கணவர் பிடிக்க வந்தார், ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் அங்கேயே சரிந்தார். அவரைத் தூக்கிக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் பிடித்தேன். என் முகம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. ஊசி இறங்கும்போது அவள் என் முகத்தில் அலறினாள். நான் இன்னும் இறுக்கினேன்.

அதிலிருந்து எல்லாப் பிடியும் என்னுடையது. மூக்கு வழியாகக் குழாய் விடும்போது தாடையைப் பிடித்தவள் நான். குழாயைப் பிய்த்துப் போடுகிறாள் என்று என் சேலையைக் கிழித்துக் கட்டிலோடு அவள் மணிக்கட்டைக் கட்டியவள் நான். ஊசி போடுகிறவர்கள் வந்தால், "அம்மாவக் கூப்பிடுங்க, அவங்கதான் சரியாப் பிடிப்பாங்க" என்பார்கள். அவள் கத்தினாள், காறித் துப்பினாள், என் கழுத்தில் நகத்தால் கோடு போட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். சில நேரம் கோபத்தில் தேவைக்கு மேலேயும் அழுத்திப் பிடித்திருப்பேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடித்திருக்காவிட்டால் மருந்து உள்ளே போயிருக்காது.

என் கணவர் இதெல்லாம் முடிந்த பிறகு உள்ளே வருவார். வரும்போதே கண் கலங்கியிருக்கும். பனையோலை விசிறியால் வீசுவார், கட்டின இடத்தில் தடவிக்கொடுப்பார், கட்டை அவிழ்ப்பார். அவளுக்குக் கேட்கிறதா என்றே தெரியாமல் உப்பளத்துக்கு வந்த நாரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். மதினி தோளில் கட்டோடு ஒருநாள் வந்து, நான் கருவாடு பொரித்து விரட்டியதால்தான் ஆத்தா பிள்ளையின் புத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றாள். நான் எழுந்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். "அக்கா, நீ வீட்டுக்குப் போ" என்றார். தன் அக்காளை அவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் போனாள்.

இழுப்பு குறைந்தது. காய்ச்சல் விட்டது. அவள் தூங்கினாள், நிறையத் தூங்கினாள். விழித்தால் ஒரு பக்கமாகவே பார்த்துக் கிடந்தாள். வலது கை தொய்ந்து கிடந்தது. நான் பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு அசைவும் இருக்காது. நான் வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொள்வேன்.

ஒருநாள் காலை டாக்டர் சுற்றிப் பார்க்க வந்தபோது அவள் கண் அவரோடு சேர்ந்து நகர்ந்தது. அவர் விரலை அசைத்துப் பார்த்தார். விரலோடு கண் போனது. எங்கள் இருவரையும் கட்டில் பக்கம் வரச் சொன்னார். என் கணவரைத் தொட்டு, "இது யாருளா?" என்று கேட்டார்.

அவள் உதடு இரண்டு தரம் அசைந்தது. அப்புறம் நாக்குத் தடிக்க, குழறலாக, "அப்பா" என்றாள். என் கணவர் விம்மினார். நல்ல கையைத் தூக்கி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் என் தோளைத் தொட்டார். "இது யாரு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இந்த முறை அது பார்வைதான். கண் என் முகத்தில் வந்து நின்றது. நின்றதும் முகம் முழுக்கப் பயம் பரவியது. அப்பாவின் சட்டையை இழுத்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டாள்.

"அவ வேண்டாம். அவள வெளிய போகச் சொல்லு. அவ பிடிப்பா. பிடிப்பா."

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியளா! ஆளத் தெரியுது. நடந்தது ஞாபகம் இருக்கு. வார்த்தைய எப்படிக் கோத்துப் பேசுதா பாருங்க!" என்று நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். பயப்படாதீர்கள், கை கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும் என்றார். என் கணவர் மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, என்ன செய்ய என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். காப்பாற்றினவள் நான், ஒட்டிக்கொண்டது அவரிடம். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

நான் வராந்தாவுக்குப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் நிறுத்தவில்லை, குழறிக் குழறி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவில் காதை வைத்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.